கார் டிக்கியில் ஒரு ஜடை

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாக ஆரம்பித்தால் பாதிக் கட்டுரைக்கு மேல் என்னால் தாங்க முடியாது. நடுவில் எங்காவது பீறிட்டு வெளியே வந்துவிடும்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. முழுப்பரீட்சைக்கு முன்பே வெள்ளகோவிலில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டேன். அப்படிப்பட்ட நான் நியூஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் டிரான்ஸ்ஃபர் டெஸ்க்கில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, பெரிய பெரிய யூனிவர்சிட்டிகளுக்கு இஞ்சினியரிங் படிக்க ஆள் அனுப்பியிருக்கிறேன். இந்த மாநிலத்தில் நீங்கள் காரில் கடக்கிற ஏதோ ஒரு பாலம் ஆடாமல் நிற்கிறதென்றால், அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். "ஃபார்ம் வாங்கி வெச்சவ எல்லாம் பாலம் கட்டுனவளா?" என்று என் கணவரே கேட்பார். ஃபார்ம் சரியாக இல்லாமல் எந்தப் பாலமும் எழும்பாது, கண்ணுகளா.

இப்போது நம் பெண்கள் ஏழெட்டுப் பேர் இங்கேயும் டெக்ஸாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இதே மாதிரி டெஸ்க்குகளில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வாட்ஸப் குரூப்பில் நீங்கள் கேட்கும் கேள்விகளைப் பார்க்கிறேன். எந்தக் கோர்ஸுக்கு எங்கே கிரெடிட் கொடுப்பார்கள், எந்த லிங்க்கில் போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு உயிர் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. அதை நான் சொல்கிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் அந்தக் காலேஜுக்குள் முதலில் நுழைந்தது கேன்டீனுக்கு, சாண்ட்விச் வெட்ட. அங்கேயே மத்தியான இடைவேளையில் வகுப்புக்குப் போய், பள்ளிக்கூடம் முடித்ததற்குச் சமமான ஒரு பரீட்சையை நாற்பத்தொரு வயதில் எழுதிப் பாஸ் பண்ணினேன். முதல் தடவையிலேயே. (குறித்துக்கொள்ளுங்கள், முதல் தடவையிலேயே.) அந்தச் சர்ட்டிஃபிகேட்டை ஏப்ரனில் சொருகிக்கொண்டு போய் டிரான்ஸ்ஃபர் ஆபீஸில் வேலை கேட்டேன். அங்கே சூபர்வைசராக ஓர் அம்மா இருந்தார். ஆறடி உயரம், சிவப்பு ஃபிரேம் கண்ணாடி. சேர்த்துக்கொண்டார்.

முதல் வாரமே சொதப்பினேன். ஒரு மாணவர் யூனிவர்சிட்டியிலிருந்து வந்த கடிதத்தை நீட்டினார். முதல் வரியில் நன்றி, இரண்டாவது வரியில் பாராட்டு. நான் கவுன்ட்டரைத் தாண்டி வந்து அவர் கையைக் குலுக்கி, "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று கத்திவிட்டேன். அது 'உங்களுக்கு இடமில்லை' என்ற கடிதம். அந்த மாணவரின் முகம் விழுந்ததை இன்றும் மறக்கவில்லை.

சிவப்புக் கண்ணாடி அம்மா என்னைத் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு, "கடிதத்தை எப்போதும் கீழேயிருந்து மேலே படி. மேலே மரியாதை இருக்கும், கீழேதான் விஷயம் இருக்கும்" என்றார். அதை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி டெஸ்க்கின் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வருஷக்கணக்காக அதைக் கடைப்பிடித்தேன். ஒரே ஒரு தடவை மறந்தேன். அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தேன்மொழி எங்கள் காலேஜில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. தாராபுரம் பக்கம். ஊரில் பி.காம். கணவருக்கு ஐ.டி. வேலை, இரண்டு குழந்தைகள், வீடு பிரிட்ஜ்வாட்டரில். பெரியவள் ஸ்கூலுக்குப் போன பிறகு ஒரு நாள் வந்து நின்று, "ஆன்ட்டி, எனக்கு எலக்ட்ரிகல் இஞ்சினியரிங் படிக்கணும். சிரிக்காதீங்க" என்றாள்.

"நான் எதுக்குச் சிரிக்கறேன்? நான் நாப்பத்தொண்ணுல பாஸ் பண்ணவ."

"தெரியுமுங்க ஆன்ட்டி. செவுத்துல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கீங்களே."

கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருஷப் பாடத்தை முடித்துவிட்டு, யூனிவர்சிட்டியில் நேராக மூன்றாம் வருஷத்தில் சேர்வதுதான் வழி. செலவு பாதி, ஆனால் கழுத்து இறுகும். அவள் இரண்டு வருஷமும் குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து படித்தாள். கால்குலஸ் மூன்று பாகம், ஃபிஸிக்ஸ் இரண்டு பாகம். அவளுக்கு முழங்காலைத் தொடுகிற ஜடை ஒன்று உண்டு. லேபில் வயரில் சிக்காமல் இருக்க அதைச் சுருட்டிப் பென்சிலால் குத்திக்கொள்வாள். அந்தப் பென்சிலைத் தேடி நாங்கள் இரண்டு பேரும் பல தடவை டெஸ்க் அடியில் குனிந்திருக்கிறோம்.

யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணிவிட்டுக் காத்திருந்த நாட்களில் அவள் தினமும் என் டெஸ்க்குக்கு வந்து நிற்பாள். பதில் வரவில்லை. ஒரு நாள் அவள் கண் கலங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. சேரை விட்டு எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வேண்டினேன்.

"பழனி முருகா! இவளுக்கு ஸீட் கிடைச்சா இவ முடி உனக்கு!"

தேன்மொழி கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். "ஆன்ட்டி! என் முடியா?"

"பின்னே என் முடியா? ஸீட்டு உனக்குத்தானே?"

அன்றைக்கு அது எனக்குச் சரியான கணக்காகத்தான் பட்டது. நம் பக்கத்தில் இது சகஜம்தானே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அப்பா தலையை வேண்டிக்கொள்வார்கள். அப்பாவைக் கேட்பதில்லை.

பத்து நாளில் கடிதம் வந்துவிட்டது. முதல் வரியே 'கங்கிராஜுலேஷன்ஸ்'. இந்தத் தடவை நிஜமான கங்கிராஜுலேஷன்ஸ். அவள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நான் திரையைப் பார்த்தேன், கத்தினேன், கவுன்ட்டரைச் சுற்றி வந்து அவளைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை, இரண்டு பேரும் சுற்றினோம். ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு. "நான் வேண்டுனேன், கிடைச்சிருச்சு" என்று சிவப்புக் கண்ணாடி அம்மாவின் இடத்தில் இப்போது இருக்கிற புது சூபர்வைசர் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

கீழே இருந்து படித்தேனா? இல்லை.

தேன்மொழியின் அம்மா அப்போது இங்கே வந்திருந்தார். தாராபுரத்துத் தினசரிக் காலண்டரைச் சூட்கேஸில் கொண்டுவந்து பிரிட்ஜ்வாட்டர் சமையலறைச் சுவரில் மாட்டி, தினமும் ஒரு தாளைக் கிழிக்கிறவர். விஷயம் தெரிந்ததும் மகளிடம், "நேந்துகிட்டதைத் தள்ளிப் போடக் கூடாது கண்ணு. முடி எறக்கிரு. பழனிக்கு அப்பறமாக் கொண்டு போய்ச் சேத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

தேன்மொழி மறுபேச்சுப் பேசவில்லை. பக்கத்தில் இருந்த சலூனுக்குப் போய் உட்கார்ந்து, ஜடையை முதலில் முழுசாக வெட்டித் தரச் சொல்லி, பிறகு மொட்டை அடிக்கச் சொன்னாள். சலூன்கார அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மெஷினை வைத்ததும் அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியிருக்கிறது. முடித்துவிட்டுத் தேன்மொழியைக் கட்டிப்பிடித்து, "என் தங்கைக்கும் இதே கேன்சர் ட்ரீட்மென்ட்தான். நீ ஜெயிப்பாய்" என்று சொல்லிக் காசு வாங்க மறுத்துவிட்டார். தேன்மொழி அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் திரும்பிப் போய், தனக்கு நோய் ஒன்றும் இல்லை, இது ஓர் ஆன்ட்டி சாமிக்கு வேண்டிக்கொண்டது என்று விளக்கி, காசைக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த அம்மா காசை வாங்கி வைத்துவிட்டு, "நல்லது. ஒருத்தியாவது நன்றாக இருக்கிறாயே" என்றாராம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜடை என்ன ஆயிற்று? மஞ்சள் துணியில் சுற்றினார்கள். "வெட்டுன முடிய வீட்டுக்குள்ள வெக்கக் கூடாது" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். அதனால் அது கார் டிக்கிக்குப் போனது.

இதெல்லாம் முடிந்து, ஆபீஸில் மைசூர்பாகு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான், ஒரு மத்தியானம் கடிதத்தை ஃபைலில் போடுவதற்காக பிரின்ட் எடுத்தேன். இரண்டாவது பக்கம் வந்தது. கடைசிப் பத்தி. ஸீட் உறுதி இல்லை. இந்த செமஸ்டரில் படித்துக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ் என்ற பாடத்தைக் குறித்த காலத்துக்குள், குறித்த கிரேடுக்குக் குறையாமல் முடித்தால்தான் ஸீட். இல்லாவிட்டால் வாபஸ்.

அந்தப் பாடம் என்ன என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஆனால் அது இல்லாமல் இஞ்சினியரிங்குக்குள் ஒருவரும் நுழைய முடியாது என்பது தெரியும். தேன்மொழிக்கு ஃபோன் போட்டேன்.

"அதுக்கென்னங்க ஆன்ட்டி, எப்படியும் எழுதத்தானே போறேன்" என்றாள். "நான் ஏதோ முடிய ஒட்ட வெக்கணுமாக்கும்னு பயந்துட்டேன்."

சிரித்தோம். அப்போது சிரித்திருக்கக் கூடாது.

அந்தப் பாடம் முழுக்க ஆன்லைன். புரொஃபசர் அவளை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஃபைனல் பரீட்சை மட்டும் காலேஜ் டெஸ்ட்டிங் சென்ட்டரில், அடையாள அட்டையோடு வந்து எழுத வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கடைசி நுழைவு மத்தியானம் இரண்டு மணி. வாரம் முழுக்கச் சின்னவனுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமைதான் வர முடிந்தது. அதிலும் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்று தாராபுரத்துக் காலண்டர் சொன்னதால், சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி வந்தாள்.

ஒன்று இருபதுக்கு என் டெஸ்க் ஃபோன் அடித்தது. "ஆன்ட்டி, கொஞ்சம் மேல வாங்க. உள்ள விட மாட்டேங்கறாங்க."

எனக்குக் கால் மூட்டு இரண்டும் போயாச்சு. இருந்தாலும் லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன்.

டெஸ்ட்டிங் சென்ட்டர் வாசலில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆள். சேர்ந்து ஒரு வாரம்தான் இருக்கும். தாடி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் விதிமுறைப் புத்தகம். போன செமஸ்டரில் அங்கே ஓர் ஆள்மாறாட்டம் நடந்து, பழைய ஆளைத் தூக்கிவிட்டு இவரைப் போட்டிருந்தார்கள். அவர் ஒரு கையில் தேன்மொழியின் டிரைவர்ஸ் லைசென்ஸ், இன்னொரு கையில் காலேஜ் ஐ.டி. இரண்டிலும் ஒரே பெண். நெற்றியில் வகிடு, முன்னால் எடுத்துப் போட்ட ஜடை, கண்ணாடி கிடையாது. எதிரே நிற்பது ஒரு மொட்டை. ராத்திரி பகலாகப் படித்ததில் வந்து சேர்ந்த ஒரு தடிமன் கண்ணாடி. குழந்தையைப் பார்த்துக்கொண்ட வாரத்தில் மெலிந்த கன்னம். எனக்கே ஒரு நொடி யாரோ மாதிரித்தான் இருந்தது.

நான் ஆரம்பித்தேன். என் பேச்சைப் பற்றி உங்களுக்குத் தெரியும். "இவளை இரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். நான் இங்கே ஸ்டாஃப். நீங்கள் கேன்டீனில் சாண்ட்விச் சாப்பிடுகிற அந்த கவுன்ட்டரை ஆரம்பித்து வைத்ததே நான்" என்று (கடைசியது கொஞ்சம் கூடுதல்) ஆங்கிலத்தில் அடுக்கினேன்.

அவர் பணிவாகப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஸ்டாஃப் வாய்ச்சொல் அடையாளம் ஆகாது. புரொஃபசருக்கு ஃபோன் போட்டார். புரொஃபசர், "எனக்கு அவரைத் திரையில் ஒரு பெயராகத்தான் தெரியும்" என்றுவிட்டார்.

ஒன்று முப்பத்தைந்து.

அப்போது அந்த ஆள் குரலைத் தாழ்த்தினார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தேன்மொழியின் தலையைப் பார்க்காமல் பார்த்து, மெல்லக் கேட்டார். "ட்ரீட்மென்ட்டில் இருக்கிறாரா? அப்படியென்றால் அதற்குத் தனி ஃபார்ம் இருக்கிறது. இப்போது உள்ளே விடலாம். டாக்டர் லெட்டரைத் திங்கட்கிழமை கொடுத்தால் போதும்."

கண்ணுகளா, கதவு திறந்துவிட்டது. நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. தலையை ஒரு தடவை மேலும் கீழும் ஆட்டினால் போதும். திங்கட்கிழமையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கடைசிப் பத்தி என் கண் முன்னால் ஓடியது. அவளுடைய இரண்டு வருஷமும் ஓடியது. என் தலை பாதி ஆடிவிட்டது. மறைக்க மாட்டேன், பாதி ஆடிவிட்டது.

"வேண்டாங்க ஆன்ட்டி."

தேன்மொழி அந்தப் பக்கம் நின்றே சொன்னாள்.

"அடியேய், மணி என்னாச்சு பாத்தியா?"

"பாத்தேன். அந்த சலூன்கார அம்மா அழுததையும் பாத்தேன். அவங்க தங்கச்சி நெஜமா அனுபவிச்சிட்டு இருக்காங்க. அதைக் கடன் வாங்கிட்டு நான் உள்ள போக மாட்டேன். ஸீட்டு போனா போகட்டும்."

"போனா போகட்டுமா? ரெண்டு வருஷம்டி!"

"எனக்குத் தெரியாதுங்களா ஆன்ட்டி? படிச்சது நானு."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பேசுகிற நான், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மொட்டைத் தலைக்கு முன்னால் தலைகுனிந்தேன். அந்த ஆளிடம் திரும்பி உண்மையைச் சொன்னேன். "நோய் இல்லை. நான் இவள் முடியை முருகனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்."

"இவருடைய முடியை, நீங்கள்?"

"ஆமாம்."

"முருகன் எந்த டிபார்ட்மென்ட்?"

"எல்லா டிபார்ட்மென்ட்டும்."

அவர் புத்தகத்தை மூடினார். சிரிக்கவில்லை. ஆனால் தாடி கொஞ்சம் அசைந்தது. எனக்கு அதில் ஒரு நூலிழை தெரிந்தது. மில்லில் வேலை பார்த்தவளுக்கு நூலிழை தெரியும். அறுந்துபோன இடத்தில் இழுக்கக் கூடாது, முனையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். அதுவரை நான் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"சரி, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது" என்றேன். "நீங்களே சொல்லுங்கள். எதைப் பார்த்தால் உங்களால் உள்ளே விட முடியும்?"

அவர் யோசித்தார். லைசென்ஸைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் படத்தில் இருப்பவரைப் பார்த்தால்."

நான் படத்தைப் பார்த்தேன். தேன்மொழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது.

"டிக்கி!"

அவள் வாசலை விட்டு நகர்ந்தால் நேரம் போய்விடும். சாவியைப் பிடுங்கிக்கொண்டு நான் ஓடினேன். ஆறாம் நம்பர் பார்க்கிங். நம்மவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே கம்பெனி வண்டியை ஒரே சாம்பல் நிறத்தில் வாங்குவது ஏன் என்று அன்றைக்குத்தான் கோபப்பட்டேன். சாவியிலுள்ள பட்டனை அமுக்கிக்கொண்டே வண்டிகளுக்கு நடுவில் ஓடினேன். எங்கோ ஒரு ஹாரன் கத்தியது. அந்தப் பக்கம் ஓடினேன். ஓடும்போது, மூச்சு வாங்க வாங்க, வாய்க்குள்ளேயே சொன்னேன்: "முருகா, இந்தத் தடவை என் முடி." யாருக்கும் கேட்கவில்லை. சாமிக்கு மட்டும் கேட்டால் போதும் என்றுதான் நானும் மெதுவாகச் சொன்னேன்.

டிக்கியைத் திறந்தால் ஓர் அரிசி மூட்டை, இரண்டு மடக்கு நாற்காலி, ஸாக்கர் பந்து, யோகா பாய். எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணி. உருவி எடுத்தேன். முடிச்சு அவிழ்ந்து ஜடை மொத்தமும் கையோடு வந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. அப்படியே ஓடினேன். மூன்றடி முடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி ஓடிவந்தால் அமெரிக்காவில் கூட்டம் தானாகப் பிரிகிறது. லிஃப்ட்டில் நான் ஏறியதும் இரண்டு பேர் இறங்கிக்கொண்டார்கள்.

ஒன்று ஐம்பத்தொன்று. தேன்மொழி கண்ணாடியைக் கழற்றினாள். மஞ்சள் துணியைத் தலையைச் சுற்றிக் கட்டினோம். ஜடையின் மேல் நுனியைத் துணிக்குள் சொருகி, தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டேன். அவள் நிமிர்ந்து நின்று, லைசென்ஸ் படத்தில் இருக்கிற அதே முறைப்பை முறைத்தாள்.

அந்த ஆள் படத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். "கொஞ்சம் மேலே" என்றார். நான் ஜடையைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். "இடது பக்கம்." இடது பக்கம் மாற்றினேன். அவ்வளவுதான், மனுஷனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். உள்ளே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவர்கள் 'ஷ்' என்றார்கள். சிரித்து முடித்த பிறகும் அவர் விடவில்லை. பிறந்த தேதி கேட்டார், விலாசம் கேட்டார், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி லைசென்ஸோடு ஒத்துப் பார்த்தார். பிறகுதான் கதவைத் திறந்தார். ஒன்று ஐம்பத்தாறு.

தேன்மொழி உள்ளே போகப் போனாள். அவர் கையை நீட்டி நிறுத்தினார். "ஒரு நிமிஷம். சொந்தப் பொருட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை."

அதனால் அடுத்த இரண்டு மணி நேரம் டெஸ்ட்டிங் சென்ட்டர் வாசல் பெஞ்சில், மடியில் ஒரு ஜடையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். நான் அதைத் தடவிக்கொடுத்தேன். என்ன செய்ய, கை தானாகப் போயிற்று.

அந்த ஆளை மட்டும் நீங்கள் குறை சொல்லிவிடாதீர்கள். அவர் செய்ததுதான் சரி. 'முடியாது' என்கிறவரை எதிரி என்று நினைத்து மல்லுக்கு நிற்பதுதான் நம் வேலையில் ஆகப் பெரிய வியாதி. எனக்கும் அது இருந்தது. அவருக்கு 'முடியும்' என்று சொல்ல ஆசைதான். அதற்கு ஒரு பிடி வேண்டும், அதை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது பொய்யாக இருந்தால் திங்கட்கிழமை நம் கையோடு கழன்று வந்துவிடும்.

தேன்மொழி பி பிளஸ் வாங்கினாள். அந்த இலையுதிர் காலத்தில் யூனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷம் சேர்ந்தாள். நான் ஜடையைப் பழனிக்கு அனுப்பச் சொன்னதற்கு, "டிகிரி கைல வரட்டுங்க ஆன்ட்டி. அதுவரைக்கும் அது என்னோட ஐ.டி." என்று சொல்லி டிக்கியிலேயே வைத்துக்கொண்டாள். அவள் அம்மா ஃபோனில் புலம்பினார். அவள் அசையவில்லை.

என் முடி? இங்கேதான் நான் கொஞ்சம் மோசம். சாமிக்குச் சொன்னதை ஒருவரிடமும் சொல்லவில்லை. டெஸ்க்கில் உட்காருகிறவள் மொட்டையோடு எப்படி உட்காருவது, ஆபீஸில் என்ன நினைப்பார்கள் என்று தள்ளிப் போட்டேன். அடுத்தவள் தலை என்றால் ஆபீஸ் முழுக்கக் கேட்கக் கத்தினேன். என் தலை என்றதும் வாய்க்குள் முணுமுணுத்தேன். தேன்மொழி அந்த மொட்டையோடு காலேஜ், கடை, குழந்தைகள் ஸ்கூல் என்று எங்கேயும் தலையை மூடாமல் நடந்தவள்.

அவள் டிகிரி வாங்கிய நாளில், கறுப்பு அங்கியும் தோள் வரை வளர்ந்த முடியுமாக வந்து, அந்த மஞ்சள் துணியை என் கையில் கொடுத்தாள். "நீங்கதானே வேண்டுனீங்க. நீங்களே கொண்டு போய்ச் சேத்துங்க."

அப்போதுதான் அவளிடம் என் வேண்டுதலைச் சொன்னேன். அவள் கூட்டத்துக்கு நடுவில் அங்கியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பில்.

ரிட்டயர் ஆன மறுவாரம் அதே சலூனுக்குப் போனேன். அந்த அம்மா என்னை உட்கார வைத்ததுமே கண் கலங்கப் பார்த்தார். நான் கையை உயர்த்தி, "அழாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. கடன் தீர்க்க வந்திருக்கிறேன்" என்றேன். "ஓ, நீங்கள்தானா அந்த ஆன்ட்டி?" என்று சிரித்தார். அவர் தங்கையைப் பற்றிக் கேட்டேன். முடி திரும்ப வளர்ந்திருக்கிறதாம், சுருட்டையாக. எனக்கு மட்டும் முழுக் கட்டணம் வாங்கினார்.

போன மாதம் கோயம்புத்தூருக்கு டிக்கெட். விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். நான் காத்திருந்த நொடி அது. பெருமையோடு கைப்பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு மஞ்சள் துணி.

ஒன்றில் தேன்மொழியின் ஜடை, கறுகறுவென்று மூன்றடி. இன்னொன்றில் என்னுடையது. வெள்ளை, ஒரு சாண், எலிவால். பாஸ்போர்ட் படத்தில் இருக்கும் எனக்கோ கருங்கூந்தல். அந்த நாளில் எனக்கு அது மாதம் ஒரு தடவை டப்பாவிலிருந்து வரும். படத்துக்கு அச்சாகப் பொருந்துவது தேன்மொழியின் ஜடைதான். கை அதன் மேல்தான் போய் நின்றது.

பின்னால் வரிசை நீண்டது. அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

எலிவாலை எடுத்து, தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். "இதுதான் என்னுடையது. படத்தில் இருப்பது சாயம்" என்றேன். அவர் படத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் மேலே" என்றார்.